ஞாயிறு யாருடைய கிழமை?

சில வாரங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரவு ஒன்பது மணி இருக்கும். கிளினிக்கில் கடைசி டோக்கன்.

36 வயது சகோதரி. ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை. சாயங்காலம் ஆனால் கால் வீங்கிவிடுகிறது, கெண்டைக்கால் இழுக்கிறது என்று வந்தார். இடது காலில் நரம்பு சுருண்டு புடைத்து நின்றது. வெரிகோஸ் வெயின். பிரஷர் பார்த்தேன், 150/100.

மருந்து எழுதினேன். காலுக்குப் போடும் உறை எழுதினேன். பிறகு எல்லா டாக்டரும் வாய்ப்பாடு போலச் சொல்லும் அதே வசனத்தைச் சொன்னேன். "உப்பைக் குறைங்கம்மா. ஞாயித்துக்கிழமையாவது காலைத் தூக்கி வச்சு நல்லா ரெஸ்ட் எடுங்க."

அவர் சிரித்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமைதான் சார் எங்களுக்குக் கூட்டமே. இன்னைக்கு உட்காரவே முடியல. அதான் இவ்ளோ லேட்டு."

வீக் ஆஃப் என்றைக்கு என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமையாம். "செவ்வாய்க்கிழமை பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போயிரும், அவரு வேலைக்குப் போயிருவாரு. நான் துணி துவைச்சிட்டு, டிவி பார்த்துட்டு இருப்பேன் சார்."

அவர் போன பிறகு எனக்கு ஒரு கேள்வி. "ஞாயிற்றுக்கிழமை ஓய்வு எடுங்கள்" என்று நான் ஏதோ இயற்கை விதி போலச் சொல்கிறேனே, அந்த ஞாயிற்றுக்கிழமையை நமக்கு யார் கொடுத்தது?

படிக்கப் படிக்க சுவாரசியமாக இருந்தது. உங்களிடம் சொல்லலாம் என்று இந்த இழை. கொஞ்சம் நீளம்தான். இன்று ஞாயிறுதானே, பொறுமையாகப் படியுங்கள். (கடையில் நின்றுகொண்டு படிப்பவர்கள் மன்னிக்கவும்.)

முதலில் ஒரு அடிப்படை விஷயம்.

நாள் என்பது பூமி தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றுவது. மாதம் என்பது நிலா தேய்ந்து வளர்வது. வருடம் என்பது பூமி சூரியனைச் சுற்றி வருவது. மூன்றுக்கும் வானத்தில் ஆதாரம் உண்டு.

வாரத்துக்கு என்ன ஆதாரம்?

ஒன்றுமே இல்லைங்க. ஏழு நாள் சுற்றில் ஓடுகிற எதுவும் வானத்தில் கிடையாது. நிலாவின் கால்பங்கு என்று சிலர் சொல்வார்கள். ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குச் சராசரியாக 29.53 நாள். நான்கால் வகுத்தால் 7.38. ஏழு அல்ல. இந்த 0.38ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு நாட்டையே பாடாய்ப்படுத்தப் போகிறது.

ஆக, வாரம் என்பது முழுக்க முழுக்க மனிதன் செய்த பொருள். பூட்டு, சாவி, சக்கரம் மாதிரி.

சரி, ஏழு நாளுக்கும் பெயர் எப்படி வந்தது? ஞாயிறுக்குப் பிறகு திங்கள், அதற்குப் பிறகு செவ்வாய். இது என்ன வரிசை? வெளிச்சத்தின் வரிசையும் இல்லை, தூரத்தின் வரிசையும் இல்லையே?

இதற்கான விடை உங்கள் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது. தினசரி காலண்டரின் பின் அட்டையில் "ஓரை" என்று ஒரு கட்டம் இருக்கும், பாருங்கள்.

பழங்காலத்தில் கண்ணுக்குத் தெரிந்த ஏழு "கோள்களை", வானத்தைச் சுற்றி வர எடுக்கும் காலத்தை வைத்து மெதுவிலிருந்து வேகம் என்று அடுக்கினார்கள். சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள். சனிக்கு 29 வருடத்துக்கு மேல், நிலாவுக்கு 27 நாள் சொச்சம்.

ஒரு நாளுக்கு 24 மணி நேரம். ஒவ்வொரு மணிக்கும் இந்த வரிசைப்படி ஒரு கோள் அதிபதி. முதல் மணிக்கு யார் அதிபதியோ, அவர் பெயர்தான் அந்த நாளுக்கு.

இப்போது கணக்குப் போடுவோம். முதல் மணி சனி என்றால் அது சனிக்கிழமை. ஏழு ஏழாகச் சுற்றினால் 21 மணி போகும், மீதி 3. அந்த மூன்றும் சனி, வியாழன், செவ்வாய். அடுத்த நாள் முதல் மணி யாருக்கு? ஞாயிறுக்கு!

ஞாயிறிலிருந்து அதே மாதிரி மூன்றைக் கழியுங்கள். ஞாயிறு, வெள்ளி, புதன். அடுத்தது திங்கள். அதிலிருந்து மூன்று கழித்தால் செவ்வாய். அவ்வளவுதான். வாரமே கிடைத்துவிட்டது.

நான் இதை முதன்முதலாகப் போட்டுப் பார்த்தபோது ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நல்ல நேரம் பார்க்க மட்டும் திருப்புகிற அட்டையில் இப்படி ஒரு விடை ஒளிந்திருந்திருக்கிறது.

"ஓரை" என்ற சொல்லே கிரேக்க மொழியின் "ஹோரா"விலிருந்து வந்தது என்பது அறிஞர்களின் கருத்து. ஆங்கிலத்தில் மணி நேரத்துக்குச் சொல்லும் "ஹவர்" என்பதும் அதே வேரில் பிறந்ததுதான்.

இந்தக் கோள் வாரம் மத்தியதரைக் கடல் பக்கம் உருவானது. கி.பி. 79ல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரத்தின் சுவரில் ஏழு நாள் தெய்வங்களின் பெயரையும் யாரோ கிறுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து சோதிடத்தோடு சேர்ந்து கிழக்கே வந்தது.

அசோகரின் கல்வெட்டுகளில் பௌர்ணமி உண்டு, நட்சத்திரம் உண்டு, கிழமை கிடையாது. இந்தியாவில் கிழமையோடு தேதி போட்ட மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்று மத்தியப் பிரதேசத்தின் ஏரணில் இருக்கிறது. புதகுப்தன் காலத்துத் தூண், ஆண்டு கி.பி. 484. கிழமை வியாழன்.

தமிழில் சங்கப் பாடல்களில் ஞாயிறு என்றால் சூரியன்தான். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரின் கோளறு பதிகத்துக்கு வரும்போது ஏழு கோள்களும் அப்படியே கிழமை வரிசையில் நிற்கின்றன. அதற்குள் வாரம் நம் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். மலையாளத்தில் ஞாயறாழ்ச்ச, தெலுங்கில் ஆதிவாரம், கன்னடத்தில் பானுவாரம், இந்தியில் ரவிவார். எல்லாமே சூரியன்தான். தமிழில் மட்டும் "கிழமை" என்று ஒரு சொல் ஒட்டியிருக்கிறது.

கிழமை என்றால் உரிமை. உடைமை. ஊருக்கு உரியவர் கிழார். பள்ளிக்கூடத்தில் ஆறாம் வேற்றுமைக்குப் "பொருள் கிழமை" என்று படித்தோமே, அதே கிழமைதான். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிறுக்கு உரிமையான நாள்.

இனிமேல் இந்தக் கதை முழுக்க உரிமைத் தகராறுதான்.

இதுவரை சொன்னது பெயரின் கதை. ஓய்வு எப்போது உள்ளே வந்தது?

வாரத்தில் ஒரு நாள் வேலையை நிறுத்து என்று முதலில் சட்டம் போட்டவர்கள் யூதர்கள். அவர்களுடைய நாள் சனி. எனக்குப் பிடித்த விஷயம், அந்தக் கட்டளை முதலாளியோடு நிற்கவில்லை. வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, ஊருக்கு வந்த அந்நியன் என்று பட்டியல் போட்டு எல்லோருக்கும் ஓய்வு கொடுக்கிறது. மாட்டுக்கும் வீக் ஆஃப்!

தொடக்ககாலக் கிறிஸ்தவர்கள் இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்று ஞாயிற்றுக்கிழமை கூடினார்கள். கூடினார்களே தவிர அன்று அவர்களுக்கு லீவு கிடையாது. ரோமில் அது இன்னொரு வேலை நாள்.

கி.பி. 321 மார்ச் 7. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஒரு ஆணை போடுகிறார். நீதிபதிகள், நகரத்து மக்கள், கைத்தொழில் செய்பவர்கள் எல்லோரும் சூரியனுடைய புனித நாளில் ஓய்வெடுக்க வேண்டும்.

கவனியுங்கள், கிறிஸ்துவின் நாள் என்று சொல்லவில்லை, சூரியனின் நாள் என்கிறார். அப்போது அவருடைய காசுகளிலும் சூரியக் கடவுள்தான் இருந்தார். இரண்டு பக்கத்தாரும் சந்தோஷப்படட்டும் என்று நினைத்திருப்பார் போல. அரசியல்வாதி அன்றைக்கும் அரசியல்வாதிதான்.

ஆனால் அந்த ஆணையில் ஒரு விலக்கு. விவசாயிகள் வேலை செய்யலாம். விதைக்க, திராட்சை நட ஏற்ற வானிலை தவறிப்போய்விடக் கூடாதாம். உலகின் முதல் ஞாயிறு விடுமுறைச் சட்டத்திலேயே "அத்தியாவசியப் பணி" வந்துவிட்டது பாருங்கள்! நர்ஸ், போலீஸ், பஸ் டிரைவர் எல்லோரும் அந்த விவசாயியின் வாரிசுகள்.

அதே வருடம் ஜூலையில் இன்னொரு திருத்தம். ஞாயிற்றுக்கிழமை கோர்ட் மூடியிருந்தாலும் அடிமைகளை விடுதலை செய்யும் வேலையை மட்டும் செய்யலாம். இது எனக்கு ரொம்பப் பிடித்த திருத்தம்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

நம் முன்னோர் ஞாயிற்றுக்கிழமையா லீவு எடுத்தார்கள்? இல்லை. திருவிழா, அறுவடை முடிந்த காலம், அமாவாசை. இன்றைக்கும் பல ஊர்களில் ஆசாரிமார் அமாவாசையன்று உளியைத் தொடுவதில்லை. சலூன் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். தூத்துக்குடி, குமரி கடற்கரையில் கத்தோலிக்க மீனவர்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. தொழிலுக்கு ஒரு நாள், ஊருக்கு ஒரு நாள்.

இந்த ஏற்பாடு மில் வந்ததும் உடைந்தது. நீராவி எஞ்சினுக்கு அமாவாசையும் தெரியாது, திருவிழாவும் தெரியாது.

1880களின் பம்பாய். பஞ்சாலைகள். விடியும்போது உள்ளே போனால் இருட்டும்போதுதான் வெளியே வரலாம். கோடையில் பகல் நீளம், அதனால் வேலையும் நீளம், 13 மணி நேரம் வரை. 1881ல் ஒரு தொழிற்சாலைச் சட்டம் வந்தது. அது பிள்ளைகளுக்கு மட்டும். 7 வயதிலிருந்து 12 வயது வரை உள்ள "தொழிலாளர்களுக்கு" ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் வேலை, மாதம் 4 நாள் லீவு.

மறுபடி படியுங்கள். ஏழு வயது. ஒன்பது மணி நேரம். அதுதான் அன்றைக்குச் சீர்திருத்தம். பெரியவர்களுக்கு அதுவும் இல்லை.

அங்கே வருகிறார் நாராயண் மேகாஜி லோகண்டே. 1848ல் பிறந்தவர். ஜோதிராவ் பூலேவின் சத்யசோதக் சமாஜத்தைச் சேர்ந்தவர். ஒரு மில்லில் ஸ்டோர் கீப்பர் வேலை பார்த்தவர், பிறகு "தீனபந்து" பத்திரிகையின் ஆசிரியர்.

1884 செப்டம்பரில் பம்பாயில் தொழிலாளர் கூட்டங்கள் நடத்தி ஒரு மனு தயாரித்தார். கையெழுத்துப் போட்டவர்கள் 5,500 பேர்.

என்ன கேட்டார்கள் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை முழு ஓய்வு. மதியம் அரை மணி நேரம் இடைவேளை. காலை ஆறரைக்கு முன்னால் மில் ஓடக் கூடாது, பொழுது சாய்ந்தால் நிறுத்த வேண்டும். சம்பளம் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் வர வேண்டும். மெஷினில் அடிபட்டால் குணமாகும்வரை சம்பளம், ஊனமானால் ஏதாவது ஒரு பிழைப்பு.

ஒரு டாக்டராகச் சொல்கிறேன், இது தொழில் மருத்துவப் பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயம். ஓய்வு, உணவு, வெளிச்சம், வருமானம், விபத்துக்குப் பாதுகாப்பு. எழுதியவர் மருத்துவக் கல்லூரிப் பக்கம் ஒதுங்காதவர்.

உடனே கிடைத்துவிட்டதா? ஆறு வருடம் ஆனது.

1890 ஏப்ரல் 24. பம்பாயில் சுமார் 10,000 தொழிலாளர் கூடிய கூட்டம். இரண்டு பெண் தொழிலாளர்கள் மேடையேறிப் பேசினார்கள். 1890ல்! அந்தப் பெயர்கள் எங்காவது கிடைக்காதா என்று தேடிக்கொண்டே இருக்கிறேன்.

1890 ஜூன் 10. பம்பாய் ஆலை முதலாளிகள் சங்கம் வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறைக்கு ஒத்துக்கொண்டது. அடுத்த வருடம், 1891ன் தொழிற்சாலைச் சட்டத்தில் வார விடுமுறை ஏறியது.

"வெள்ளைக்காரன் சர்ச்சுக்குப் போக லீவு விட்டான், அதையே நாமும் பிடித்துக்கொண்டோம்" என்று வாட்ஸப்பில் வருமே, அது பாதிதான் உண்மை. ஆபீஸுக்கு அது சரியாக இருக்கலாம். மில்லில் வேலை பார்த்தவனுக்கு அந்த ஞாயிறு கேட்டு, கையெழுத்துப் போட்டு, கூட்டம் கூடி வாங்கியது. அந்தத் தொழிலாளிகளுக்கு ஞாயிறு அந்நிய நாளும் அல்ல. மராட்டிய நாட்டில் கண்டோபா சாமிக்கு உகந்த நாள் ஞாயிறு. ஜேஜூரியில் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்காது.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் லங்காஷயர் மில் முதலாளிகளும் இந்தியாவில் தொழிற்சாலைச் சட்டம் வேண்டும் என்று அழுத்தம் கொடுத்தார்கள். நம் மீது பாசத்தால் அல்ல, பம்பாய்த் துணி மலிவாக வந்து அவர்கள் வியாபாரத்தைக் கெடுத்ததால். லோகண்டேயின் சங்கமும் இன்று நாம் நினைக்கிற மாதிரி சந்தா, உறுப்பினர் அட்டை, விதிமுறை எல்லாம் உள்ள யூனியன் அல்ல. வரலாறு எப்போதும் இப்படித்தான், கொஞ்சம் அழுக்கோடுதான் வரும்.

லோகண்டேயின் முடிவைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. 1896ல் பம்பாயில் பிளேக் வந்தது. ஊரே காலி செய்து ஓடியது. அவர் நோயாளிகளுக்கு நடுவே நின்றார். 1897 பிப்ரவரியில் அதே பிளேக்கில் இறந்தார். அடுத்த மாதம் புனேவில், பிளேக் நோயாளிகளுக்குப் பணி செய்துகொண்டிருந்த சாவித்திரிபாய் பூலேவும் அதே நோயில் போனார்.

2005ல் லோகண்டேவுக்குத் தபால்தலை வெளியிட்டார்கள். நான் பள்ளியில் படித்த எந்தப் பாடத்திலும் அவர் பெயர் வந்த ஞாபகம் இல்லை.

இப்போது கதையின் அடுத்த பகுதி. ஞாயிற்றுக்கிழமையை ஒழிக்கப் பார்த்தவர்கள்.

முதலில் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள். 1793ல் புது காலண்டர், வாரத்துக்கு 10 நாள். எல்லாம் பத்துப் பத்தாக அழகாக இருந்தது. ஏழுக்கு ஒரு நாள் கிடைத்த ஓய்வு பத்துக்கு ஒன்று ஆனது. ஜனங்கள் ரசிப்பார்களா? 1806 பிறந்தபோது நெப்போலியன் பழைய காலண்டருக்கே திரும்பிவிட்டார்.

அடுத்து சோவியத் ரஷ்யா, 1929. இது கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டியது.

மெஷின் ஒரு நாள் கூட நிற்கக் கூடாது. அதே சமயம் தொழிலாளிக்கு ஓய்வும் வேண்டும். என்ன செய்யலாம்? வாரத்தை 5 நாள் ஆக்கினார்கள். தொழிலாளர்களை ஐந்து குழுவாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிறம். உங்கள் நிறத்து நாளில் உங்களுக்கு லீவு. மற்ற நான்கு குழுவும் வேலை செய்யும்.

கணக்குப்படி தொழிலாளிக்கு இது லாபம்தான்! முன்பு ஏழு நாளுக்கு ஒரு ஓய்வு, இப்போது ஐந்து நாளுக்கு ஒன்று.

ஆனால் மக்கள் வெறுத்தார்கள். ஏன்? கணவன் மஞ்சள், மனைவி சிவப்பு. அவர் வீட்டில் இருக்கும் நாளில் இவர் ஃபேக்டரியில். நண்பன் பச்சை. பிள்ளைக்கு வேறு நாள். மனைவி வேலைக்கும் பிள்ளை பள்ளிக்கும் போய்விட்ட வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பது ஒரு லீவா என்று கட்சிப் பத்திரிகையான பிராவ்தாவுக்கே புகார்க் கடிதம் போனது.

மெஷினுக்கும் ஒத்துவரவில்லை. நிறுத்தித் துடைத்து எண்ணெய் போட நாளே இல்லாததால் பழுது கூடியது. (மனித உடம்பும் அதேதான் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.)

1931ல் பின்வாங்கி, 6 நாள் வாரம், எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஓய்வு நாள் என்று மாற்றினார்கள். 1940 ஜூன் 26ல் ஏழு நாள் வாரமும் ஞாயிறும் திரும்பி வந்தன. அதே ஆணையில் வேலை நேரத்தைக் கூட்டி, வேலைக்கு வராமல் இருப்பதைக் கிரிமினல் குற்றமும் ஆக்கினார்கள் என்பது வேறு விஷயம். இதில் வேடிக்கை, ரஷ்ய மொழியில் ஞாயிற்றுக்கிழமையின் பெயருக்கே "உயிர்த்தெழுதல்" என்றுதான் அர்த்தம். சொன்னபடியே எழுந்து வந்துவிட்டது.

மூன்றாவது கதை பக்கத்து வீட்டில் நடந்தது. இலங்கை. அங்குள்ள பெரியவர்கள் இதைப் படித்தால் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள்.

1966 தொடக்கத்திலிருந்து, டட்லி சேனநாயக்க அரசு ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டுப் போயா நாளை வார விடுமுறை ஆக்கியது. மாதத்தில் நான்கு போயா. பௌர்ணமி, அமாவாசை, இரண்டு நடுப் பிறை நாட்கள். நம் பாஷையில் இரண்டு அட்டமி. போயாவுக்கு முந்தைய நாள் அரை நாள் வேலை. பௌத்தர்களுக்குப் புனித நாள். காலனி ஆட்சி விட்டுப்போன கிறிஸ்தவ ஞாயிறு எதற்கு என்பது வாதம். வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

இங்கேதான் அந்த 0.38 வேலையைக் காட்டியது. ஒரு போயாவிலிருந்து அடுத்த போயாவுக்குச் சில சமயம் ஏழு நாள், சில சமயம் எட்டு நாள். இந்த வாரம் போயா புதன் என்றால், கொஞ்ச நாள் கழித்து வியாழன், பிறகு வெள்ளி என்று நகர்ந்துகொண்டே போகும். ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போகிற தமிழரும் சிங்களவரும் பூசையை முடித்துக்கொண்டு ஆபீஸுக்கு ஓட வேண்டும். வெளிநாட்டு வங்கி திறந்திருக்கும் நாளில் கொழும்பு மூடியிருக்கும், கொழும்பு திறந்திருக்கும் நாளில் உலகம் மூடியிருக்கும்.

1971ல் ஞாயிறு திரும்பியது. பௌர்ணமிப் போயா மட்டும் பொது விடுமுறையாக இன்றும் நிற்கிறது.

இதிலிருந்து "ஞாயிறுதான் சரியான நாள்" என்று நான் சொல்ல வரவில்லை. பல முஸ்லிம் நாடுகளில் வெள்ளி விடுமுறை, இஸ்ரேலில் ஞாயிறு சாதாரண வேலை நாள், வாழ்க்கை நன்றாகத்தான் ஓடுகிறது. பாகிஸ்தான் 1977ல் வெள்ளிக்கு மாறி 1997ல் ஞாயிறுக்குத் திரும்பியது. எந்தக் கிழமை என்பது அவரவர் ஊர்க் கதை. ஆனால் எல்லோருக்கும் ஒரே நாள் என்பதைக் கலைத்துப் பார்த்த இடத்தில்தான் ஜனங்கள் நொந்துபோனார்கள்.

நம் தொழிற்சாலைகள் சட்டம், 1948க்கு இது தெரிந்திருந்தது. அதன் கணக்கில் வாரம் சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கியது. வாரத்தின் முதல் நாள், அதாவது ஞாயிறு, ஓய்வு நாளாக இருந்தது. 52ஆவது பிரிவு. அன்று வேலை வாங்க வேண்டுமானால் முன்னாலோ பின்னாலோ மூன்று நாளுக்குள் ஒரு மாற்று நாள் தர வேண்டியிருந்தது. எப்படிப் பார்த்தாலும் முழு ஓய்வு நாள் இல்லாமல் தொடர்ந்து 10 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று இருந்தது.

இப்போது கடைகளுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2019லிருந்து 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகள் வருடம் 365 நாளும் திறக்கலாம். ஊழியர்களுக்குச் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் ஓய்வு தர வேண்டும் என்பது நிபந்தனை.

சுழற்சி முறை. மஞ்சள், சிவப்பு, பச்சை.

சோவியத் அரசு கட்டளை போட்டுச் செய்யப் பார்த்து முடியாமல் விட்டதை நாம் சத்தமில்லாமல் செய்துவிட்டோம். கடை திறந்திருக்க வேண்டும் என்று கேட்டது யாரோ ஒரு முதலாளி மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு புடவை எடுக்கப் போகிற நானும்தான். என் ஞாயிறு அந்த சகோதரியின் ஞாயிறின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

மருத்துவம் என்ன சொல்கிறது?

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021ல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரம் அல்லது அதற்கு மேல் வேலை செய்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 சதவீதம் அதிகம். மாரடைப்பு போன்ற இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் வாய்ப்பு 17 சதவீதம் அதிகம். 2016ல் மட்டும் நீண்ட வேலை நேரத்தோடு தொடர்புடைய இத்தகைய மரணங்கள் உலகம் முழுக்க 7,45,000.

வாரம் 70 மணி நேரம், 90 மணி நேரம் என்று பெரிய மனிதர்கள் மேடையில் பேசும்போது எனக்கு இந்த எண்தான் ஞாபகம் வரும். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று 2025 தொடக்கத்தில் ஒருவர் வருத்தப்பட்டது கூட உங்களுக்கு நினைவிருக்கும். ஐயா, அவர்கள் ஸ்ட்ரோக்கோடு வந்து படுப்பது உங்கள் ஆபீஸில் அல்ல, எங்கள் எமர்ஜென்சி வார்டில்.

நியாயமாக எதிர்ப்பக்கமும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கிடைத்தும் அதை நாசம் செய்பவர்கள் உண்டு. சனி இரவு தொடங்கிய குடி ஞாயிறு இரவு வரை ஓடி, இதயம் தாறுமாறாகத் துடிக்க வந்து நிற்பார்கள். இதற்கு "ஹாலிடே ஹார்ட் சிண்ட்ரோம்" என்றே பெயர், 1978ல் வைத்தார்கள். லீவுக்கு மருத்துவத்தில் ஒரு வியாதியே உண்டு பாருங்கள்!

அந்த சகோதரிக்கு வருவோம்.

போன வாரம் மறுபரிசோதனைக்கு வந்திருந்தார். பிரஷர் 136/88. கால் வீக்கம் குறைந்திருக்கிறது. கடையில் உட்கார ஸ்டூல் இருக்கிறதா என்று கேட்டேன். 2021லேயே தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று சட்டத் திருத்தம் வந்துவிட்டது. "ஸ்டூல் இருக்கு சார், கூட்டம் இல்லாதப்போ உட்காரலாம்" என்றார். வீட்டுக்காரருடைய லீவை மாற்ற முடியுமா என்று கேட்டேன். அவர் வண்டி ஓட்டுகிறார், அவருக்கு ஞாயிறுதான் ஓய்வாம்.

"மாசத்துல ஒரு ஞாயிறாவது லீவ் கேட்டுப் பாருங்கம்மா. வேணும்னா நான் லெட்டர் தர்றேன்" என்றேன்.

யோசித்தார். "தீபாவளி சீசன் முடியட்டும் சார், கேட்கிறேன்."

லெட்டர் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த செக்கப்புக்குச் செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.